முக்கொம்பில் விட்ட காடைகள்

ஆடி 5, திங்கள்
ஒரே காற்று. மாடித் தகரம் விடிய விடியத் தடதட. கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினேன்.
கௌதாரி வளர்க்கத்தான் ஆசைப்பட்டேன். காட்டுப் பறவை, பிடித்து வைத்தால் கேஸ் என்றார்கள். சரி என்று ஜப்பான் காடை. குஞ்சு வாங்கும்போது எல்லாம் பெட்டையாகவே வளரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னான்? யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் சேவல்.
பெட்டைகளை நிம்மதியாக விடுவதே இல்லை. தலை இறகைப் பிடுங்கி, ஏறி, மறுபடி ஏறி. ஒன்றுக்கு உச்சந்தலை வழுக்கை, ரத்தம். மஞ்சள் பூசினேன். வாங்க வேண்டியது: மஞ்சள்தூள், பல்ப், இவருக்கு பிளேடு.

ஆடி 7, புதன்
சேவல்களைத் தனிக் கூண்டில் போட்டேன். இப்போது ஒன்றையொன்று கொத்துகின்றன. ஒன்றுக்கு ஒரு கண் போய்விட்டது.
வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "சேவலக் கறிக்குக் குடுத்துரு. எல்லாரும் அதான் செய்யிறாங்க."
"நான் முட்டைக்குத்தாங்க வளர்க்கறேன்."
"அது சேவலுக்குத் தெரியுமா?"
காடை வறுவல் என்றால் நானும் எலும்பு வரை கடிப்பவள்தான். ஆனால் இதுகளைக் குஞ்சிலிருந்து பல்ப் சூட்டில் வைத்து வளர்த்தவள். மனசு வரவில்லை.

ஆடி 11, ஞாயிறு
இவர் ஸ்ரீரங்கத்தில், அவர் அக்கா வீட்டில். சொல்லாமல் சேவல்களை அட்டைப்பெட்டியில் போட்டு, வண்டியில் முக்கொம்பு. ஆற்றோரப் புதர். திறந்துவிட்டு, "போங்கடா" என்றேன். புண்ணியம் செய்கிற நினைப்பு வேறு.
போகவில்லை. ஒளியக்கூடத் தெரியவில்லை. என் செருப்பைச் சுற்றியே நின்றன. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து ஒற்றைக்கண் சேவலைக் கவ்விக்கொண்டு ஓடியது. மற்றவை அப்படியே நின்றன. நானும்தான்.
சுண்டல் விற்கிற அம்மா: "கூண்டுல பொறந்ததா? தூக்கிட்டுப் போம்மா. இங்க விட்டா ஒண்ணுகூட மிஞ்சாது."
அழுதுகொண்டே பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஆடி 12, திங்கள்
காலையில் இன்னொரு சேவலுக்கும் கண் போயிருந்தது. என்ன செய்வதென்றே தெரியவில்லை. மன்னார்புரம் கறிக்கடைக்காரருக்கு நானே போன் செய்தேன்.
மாடிக்கு வந்தார். அவர் கூண்டுக்குள் கை விட்டதும் மூலைக்கு மூலை ஓட்டம். ஒன்றும் சிக்கவில்லை.
"அக்கா, உங்ககிட்ட வருதா பாருங்க."
உள்ளங்கையில் கொஞ்சம் தீவனம் வைத்து நீட்டினேன். முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன்.