மாமிக்குத் தெரியாமல் ஒரு மெஷின்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

இன்று மூன்று தடவை தலை சீவினேன். மூன்று தடவையும் சீவாத மாதிரியேதான் இருந்தது. காது இரண்டும் உள்ளே போய்விட்டன. பின்னால் காலரைத் தாண்டியாயிற்று.

மேனேஜர் நீலகண்டன் நேற்று ஹோட்டல் ரிசப்ஷனில் வைத்தே சொல்லிவிட்டார். "பிரசாத், தாடி இருந்துட்டுப் போட்டும், அது இப்போ ஃபேஷன். தலை அப்படி இல்லை. அக்டோபர் இருபத்தேழு ஓனர் வரார், வெப்சைட்டுக்கு ஸ்டாஃப் போட்டோ. அதுக்குள்ள மனுஷ ரூபத்துக்கு வந்துடணும். இல்லேன்னா ஸ்டோர்ல உட்கார்ந்து துண்டு எண்ணலாம்." சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதுதான் எப்போதும் நடக்கும்.

ஆனால் நான் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. அம்முவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கர்ப்பிணியின் புருஷன் க்ஷௌரம் பண்ணிக்கொள்ளக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. மே மாதமே மாமியார் போனில் பட்டியல் கொடுத்தாயிற்று. கடலும் பிணமும் கஷ்டமில்லை. முடிதான் யார் பேச்சையும் கேட்காமல் வளர்கிறது.

17 செப்டம்பர், புதன்

வீட்டுக்குப் பக்கத்தில், கொச்சங்காடியில் ரமேஷ்பாபுவின் சலூனுக்குப் போனேன். சும்மா, காதோரம் மட்டும் என்று. உட்காரக்கூட விடவில்லை.

"சார், மாமி நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க, எங்க மாப்பிள்ளை வந்தா திருப்பி அனுப்பிடுன்னு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் கத்திரி மேல பேச்சு வரும் சார். இருங்க, சாயா சொல்றேன்."

சாயா குடித்துவிட்டு வந்தேன். மாமி திருப்பூணித்துறையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காய் வாங்கப் போகிற வழியில் ஊரையே கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். அம்முவிடம் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நீ தோப்பும்படி போய் வெட்டிண்டு வாயேன். அங்க அம்மாவுக்கு ஆள் கிடையாது."

போகலாம்தான். ஏன் போகவில்லை?

19 செப்டம்பர், வெள்ளி

முடி வெட்டும் மெஷினைப் போனில் ஒரு தடவைதான் தேடினேன். இப்போது எதைத் திறந்தாலும் தாடிக்காரர்கள் முகவாயைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள்.

21 செப்டம்பர், ஞாயிறு

வீட்டிலேயே வெட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதாவது, முடிவு செய்கிற மாதிரி இருக்கிறேன்.

வயர் வைத்ததா, பேட்டரியா? வயர் வைத்தது பாதியில் சாகாது. ஆனால் கண்ணாடி இருக்கிற இடத்தில் பிளக் இல்லை. பேட்டரி என்றால் நடுவில் நின்றுபோகும் என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். செராமிக் பிளேடு சூடாகாதாம், கீழே விழுந்தால் உடையுமாம். நான் கட்டாயம் கீழே போடுவேன். எனவே ஸ்டீல். ஒருவர் "முடியைப் பிடித்து இழுக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்தது" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். என்ன ஜன்மமோ.

முக்கியம் சீப்பு. மெஷின் முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்பு. அது எவ்வளவு நீளமோ அவ்வளவு முடி தலையில் மிஞ்சும். யோசித்துப் பார்த்தேன். கத்தி தோலில் படப்போவதில்லை. நாவிதர் கை படப்போவதில்லை. இருபத்தைந்து மில்லிமீட்டர் சீப்பு போட்டால் ஒரு அங்குலம் அப்படியே தலையில் நிற்கும். இது க்ஷௌரமா? ஒதுக்குவது வேறு, வெட்டுவது வேறு இல்லையா? இருபத்தைந்துக்கு வெட்டு இல்லை. பன்னிரண்டு என்றால்? மூன்று என்றால் கட்டாயம் வெட்டுதான். அப்படியானால் எந்த மில்லிமீட்டரில் பாவம் ஆரம்பிக்கிறது?

முப்பத்தாறு வயதில், எம்.காம். படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

25 செப்டம்பர், வியாழன்

பார்சல் ஹோட்டலுக்கு வந்தது. தாடி மெஷின். பெரிய சீப்பே பத்து மில்லிமீட்டர். படத்தைப் பார்த்த நான் அளவைப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்பினேன்.

27 செப்டம்பர், சனி

தோப்பும்படிக்கு ஏன் போகவில்லை என்று எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

மூன்று வருஷம் முன்னால் அம்மு இதே போலக் கர்ப்பமாக இருந்தாள், ஏழாம் மாதம். அப்போதும் மாமி இதே பட்டியலைச் சொன்னார். நான் சிரித்தேன். 2022 ஜூன் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, ரமேஷ்பாபு கடையில் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தேன். மாமி போனில் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை ஸ்கேன். டாக்டர் திரையை எங்கள் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டார்.

மாமி அன்றும் எதுவும் சொல்லவில்லை, இன்று வரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இது என்ன காட்டுமிராண்டித்தனம் என்று கத்தியிருப்பேன். சொல்லாததால் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கால் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது – என்னடா பண்றது.

4 அக்டோபர், சனி

எறணாகுளம் பிராட்வேயில் நேரிலேயே பார்த்து வாங்கினேன். கடைக்காரப் பெண் விஷ்ணுப்ரியா (சட்டையில் பேர் குத்தியிருந்தது) நாலு மெஷினை ஓட விட்டு என் கையில் வைத்தாள். முதலாவது கொசு மாதிரி கத்தியது. இரண்டாவது நல்ல கனம், தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் மணிக்கட்டு வலிக்கும். மூன்றாவதில் சீப்பை விரலால் தள்ளினேன், நழுவியது. நடுவில் நழுவினால் மண்டையில் ரோடு போட்டுவிடும். நாலாவதில் சீப்பு 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அதையே எடுத்தேன். பெரிய சீப்பு இருபத்தைந்து.

"சேட்டனுக்குத் தன்னேயா?" என்று கேட்டாள். எனக்கேதான் என்றேன். ஏனோ குரல் திருடன் மாதிரி வந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஹோட்டல் லாக்கரில் வைத்திருக்கிறேன்.

9 அக்டோபர், வியாழன்

ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினைப் போட்டேன். நெற்றி வரை கொண்டுபோனேன். அணைத்துவிட்டேன்.

15 அக்டோபர், புதன்

காலையில் அம்மு என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு இடி. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நான் கையை எடுக்கவே இல்லை. "தூங்கறது, விடேன், ஆபீசுக்கு நேரமாச்சு" என்றாள். அடுத்த உதை வரும் வரை விடவில்லை. வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம். நீலகண்டன் என் தலையைப் பார்த்தார், சிரித்தார்.

24 அக்டோபர், வெள்ளி

இன்று லீவு. நேற்று ஏதோ தைரியத்தில் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்ததை மறந்துவிட்டேன். டப்பாவை எடுக்கப்போன அம்மு பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"இதை வாங்கி எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம்."

"பின்னே ஏன் வெட்டிக்கலை? அம்மாவுக்குப் பயமா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஜூன் பன்னிரண்டை, அந்த ஞாயிற்றுக்கிழமையை. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமையே அசையலை, பிரசாத்."

எனக்குப் புரியவில்லை.

"நீ வெட்டிக்கறதுக்கு மொத நாள். சனிக்கிழமை காலம்பறலேர்ந்தே அசையலை. தூங்கறதுன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை நீ வெட்டிண்டு வந்து கண்ணாடி முன்னாடி பாட்டுப் பாடிண்டு நின்னே. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லலை. திங்கள் சொல்லலாம்னு... ஸ்கேன்தான் புதன்கிழமை இருக்கேன்னு... சனிக்கிழமையே சொல்லியிருந்தா?"

மூன்று வருஷம். ஒரே கட்டிலில் அவள் சனிக்கிழமையோடும் நான் ஞாயிற்றுக்கிழமையோடும் படுத்திருந்திருக்கிறோம்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் முடி இல்லை, நான் இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. அதற்கப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் அன்றைக்கே சொன்னதைத் திரும்பச் சொன்னேன் – யார் கையிலும் இல்லை, எப்போது வந்திருந்தாலும் இதுதான் என்று. அவள் தலையாட்டினாள். நான் சொல்லி அவளுக்குப் போகுமா? தெரியவில்லை. ரெண்டு பேரும் அழுதோம். அடுக்களையில் மாமி குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை அம்மா கோவிலுக்குப் போவா. நானே வெட்டி விடறேன்" என்றாள்.

26 அக்டோபர், ஞாயிறு. ஆஸ்பத்திரி

பேப்பர் கிடைக்காமல் பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

காலை ஒன்பதரை. பழைய பெட்ஷீட்டைக் கழுத்தில் கட்டி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அம்மு நின்றுகொண்டு வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். இருபத்தைந்து வேண்டாம், பன்னிரண்டு போடு என்று நான்தான் சொன்னேன். வலது பக்கம் முடிந்தது, பின்னால் பாதி முடிந்தது. மெஷின் நின்றது. பேட்டரி போச்சு என்று நினைத்தேன். அவள்தான் அணைத்திருக்கிறாள். தரையில் தண்ணீர்.

முப்பத்தாறு வாரம்தான். இன்னும் நாலு வாரம் இருக்கே – மெஷின் ஓடும்போதே – ஐயோ, நான் ஏன் பன்னிரண்டுன்னு சொன்னேன். இருபத்தைந்தோட நிறுத்தியிருக்கப்டாதா. அவ நின்னுண்டு... வேண்டாம். இது அதில்லைன்னு வெள்ளிக்கிழமைதானே தெரிஞ்சுண்டே. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

லேபர் ரூமுக்குள் போகும்போது அம்மு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உதைக்கறது. இப்பவும் உதைக்கறது. கேட்டியா?" என்றாள்.

நர்ஸ் என்னைப் பார்த்து, "சேட்டா, தலைக்கு எந்து பற்றி?" என்கிறாள். தலைக்கு என்ன ஆச்சாம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வெட்டவெளி. தோளெல்லாம் முடி. மாமி கோவிலிலிருந்து நேரே வந்துவிட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். என் தலையைப் பார்த்தார். கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நிமிரவில்லை.

அதே நாள், மாலை

பெண். இரண்டு கிலோ அறுநூறு. அழுதாள். அந்த அழுகையை நான் வெளியிலிருந்தே கேட்டேன்.

நர்ஸ் கொண்டுவந்து மாமி கையில்தான் கொடுத்தாள். மாமி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூன்று வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்வார் என்று நின்றேன்.

"பாதில விடப்படாது. ஆத்துக்குப் போய் மிச்சத்தையும் எடுத்துண்டு வாங்கோ, மாப்ளே. கொழந்தை மொதமொதல்ல பாக்கற அப்பா மொகம் இப்படியா இருக்கணும்?"

27 அக்டோபர், திங்கள்

இடது பக்கத்தை நானே வெட்டிக்கொண்டேன். கண்ணாடியில் எல்லாம் இடம் மாறித் தெரிகிறது, கை எதிர்ப்பக்கம் போகிறது. பின்னால் கோணல். போட்டோவில் பின்பக்கம் வராது என்று நீலகண்டனிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் கை கொடுத்தார்.

13 டிசம்பர், சனி

நேற்று பியனாலே கலைக் கண்காட்சி தொடங்கியது. ஹோட்டல் நிரம்பி வழிகிறது. ரிசப்ஷனில் மூன்று பேர் சாவிக்கு நிற்கும்போது அம்முவிடமிருந்து போன். எடுத்ததும், "பாப்பா தும்மினா" என்றாள்.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. ஒண்ணுமில்லைன்னுதான் நினைக்கறேன். இருந்தாலும் சொல்லிடலாம்னு."

"சரி," என்றேன். "எதுவானாலும் சொல்லு."

வேறொன்றும் இல்லை. சாவியைக் கொடுத்தேன். முடி மறுபடியும் காதைத் தொடுகிறது. நாளை ஞாயிறு. வீட்டுக்கு வந்ததும் மெஷினைச் சார்ஜில் போட்டுவிட்டேன்.