உப்பு தேய்த்த வட்டங்கள்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

காலை ஆறரைக்கு மீன் தொட்டியின் தண்ணீர் பதினைந்து பாகை. வெளியே புல் வெள்ளையாக உறைந்திருந்தது. மீன்கள் ஐந்தும் அடியில் அசையாமல் நின்றன.

பணிவிடைக்கு வரும் பிரேமினி வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்தாள். என் மனைவி வடிவைக் குளிப்பாட்டி, தலை வாரி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டாள். பெரிய சிவப்பு மீனுக்கு அவள் வைத்த பெயர் கண்டாக்கு: தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, பிந்தியவர்களுக்கு அரைநாள் பேர் மட்டும் போடும் அதிகாரி.

"பாருங்கம்மா, கண்டாக்கு பெரட்டுக்குக் கெளம்பிட்டாரு. இன்னைக்கு யாருக்கெல்லாம் அரைப்பேரோ!"

வடிவின் வாய் இடது ஓரத்தில் சற்று உயர்ந்தது. அவளுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். அந்தச் சிரிப்பை நான் ஒரு தடவைகூட வரவழைத்ததில்லை. நாற்பத்தாறு வருடம் அவளுடன் வாழ்ந்தவன்.

தொட்டியின் முன் சுவரில் பழுப்பாகப் படிந்திருக்கிறது. நாளை துடைக்க வேண்டும்.

பெப்ரவரி 7, புதன்

மதியம் பிரேமினி போன பிறகு வேலையைத் தொடங்கினேன். மீன்களை வாளிக்கு மாற்றி, குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கினேன். அந்தக் கறையைப் பார்த்ததும் ஃபெக்டரியில் டீ ருசி பார்க்கும் கோப்பைகள் நினைவுக்கு வந்தன. அதே நிறம். முப்பத்துநான்கு வருடம் டீமேக்கராக இருந்தேன். அந்தக் கோப்பைகளை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. தேங்காய்த் தும்பில் கல் உப்பைத் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கறையும் நிற்காது.

நிற்கவில்லை. திருப்தி.

பெப்ரவரி 8, வியாழன்

ஒன்பது மணிக்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தது. முன் சுவர் முழுவதும் கீறல். வட்டத்துக்குள் வட்டமாக, ஆயிரக்கணக்கில். பின்னால் மீன்கள் புகைக்குள் போவது போலப் போகின்றன.

அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். மகன் ஜீவராஜ் கொழும்பிலிருந்து கொண்டுவந்த அன்றே சொன்னான்: "கண்ணாடின்னா ரம்பொடை மலை வளைவுல உடைஞ்சிரும்பா." கூடவே ஒரு தாளும் கொடுத்தான். இன்று ஃபைலைத் திறந்து படித்தேன். முதல் வரியே, மெல்லிய ஈரத்துணி தவிர வேறு எதுவும் படக்கூடாது.

தாளைத் துளையிட்டு, திகதி எழுதி, ஃபைலில் போட்டிருக்கிறேன். அன்று படிக்கவில்லை. என்ன மனிதன் நான்?

பெப்ரவரி 11, ஞாயிறு

இதை எழுதாமல் விட நினைத்தேன். எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவராஜ் வீடியோவில் வருவான். பிரேமினிதான் ஃபோனைப் பிடித்து அம்மாவைக் காட்டுவாள். இன்று தொட்டியும் தெரிந்துவிட்டது.

"என்னது அது? கம்பி வச்சுத் தேச்சீங்களா?"

"ஐயோ இல்லைங்க தம்பி. நான் துணியாலகூட தொடல."

"பின்ன யாரு? அப்பாவா செஞ்சாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொட்டிக்குள் வெப்பமானி பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு பாகை. பதினேழு என்று நன்றாகத் தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரு சாமானைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவங்ககிட்ட எங்கம்மாவை எப்படி விடுறது?" என்றான்.

அவள் ஃபோனை என் கையில் வைத்துவிட்டு, வடிவின் போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரலையே. எழுபத்தொரு வயசில் பெத்த பிள்ளைக்கு என்ன பயம்?

பெப்ரவரி 12, திங்கள்

எட்டு. எட்டரை. ஒன்பது. வரவில்லை.

வடிவை நானே துடைத்தேன். சோப்புத் தண்ணீர் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

பெப்ரவரி 14, புதன்

வடிவு தொட்டியைப் பார்ப்பதில்லை. நான் திருப்பிவிட்டாலும் சற்று நேரத்தில் முகம் மறுபக்கம் போய்விடுகிறது. அந்தப் புகைக்குள் எதைத்தான் பார்ப்பாள்?

கீறலைப் போக்கிவிட வேண்டும். அவளுக்காக. கீறலே இல்லையென்றால் யார் கீறியது என்ற கேள்வியும் இல்லை.

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பெப்ரவரி 17, சனி

பக்கத்து வீட்டுப் பழனியாண்டியின் மனைவியை வடிவுக்குத் துணை வைத்துவிட்டு, கந்தப்பளை டவுனில் ஜெயகாந்தனின் கராஜுக்குப் போனேன். மங்கிப்போன வேன் லைட்டுகளைத் தேய்த்துத் தெளிவாக்குகிறவன். தொட்டியின் கீறலைச் சொன்னேன்.

"ஐயா, இதுவும் வேன் லைட் மாதிரிதான். வாட்டர் பேப்பர்னு ஒரு சொரசொரத் தாள், அதை நனைச்சு நனைச்சுத் தேய்க்கணும். எண்ணூறு நம்பர்ல தொடங்கி, ஆயிரம், ஆயிரத்தஞ்சூறு, ரெண்டாயிரம், மூவாயிரம். கடைசியா காம்பவுண்ட் பசை. மொதல்ல இன்னும் மோசமாத்தான் தெரியும். பயந்து நடுவுல நிப்பாட்டினீங்க, ஆயுசுக்கும் மூடுபனிதான்." பிறகு சிரித்தான். "நமக்கென்ன, பழக்கம்தானே!"

"யாருங்கய்யா இப்படிக் கீறினது?" என்று கேட்டான்.

"தெரியவில்லை" என்றேன்.

இந்த முறை வாய் வந்தது. பொய்க்கு வந்தது.

பெப்ரவரி 19, திங்கள்

மீன்கள் பெரிய வாளியில். தொட்டி காலி. எண்ணூறு நம்பர் தாள், இடமிருந்து வலமாக மட்டும். சுவர் முழுவதும் பால் போல வெளுத்துவிட்டது. ஜெயகாந்தன் முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் இன்றே கைவிட்டிருப்பேன்.

பெப்ரவரி 23, வெள்ளி

ஆயிரத்தஞ்சூறு. இப்போது மேலிருந்து கீழாக. முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிஞ்சாத வரை அடுத்ததைத் தொடக்கூடாது. மூலையில் ஒரு வட்டம் மட்டும் போக மறுத்தது. அதற்கே ஒன்றரை மணி நேரம்.

வடிவுக்கு மதியக் கஞ்சி கொடுக்கப் பிந்திவிட்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்படும் வழியும் அவளுக்கு இல்லை.

பெப்ரவரி 29, வியாழன்

காம்பவுண்ட் முடிந்தது. விரல் நுனிகள் தோல் உரிந்திருக்கின்றன. தொட்டியைப் பல தடவை கழுவித் துடைத்தேன். சுவரின் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து வாசித்தேன். மரண அறிவித்தலின் சிற்றெழுத்துவரை தெரிகிறது.

ஞாயிறு ஜீவராஜ் வருகிறானாம்.

மார்ச் 2, சனி

குளோரின் போகப் பிடித்து இரண்டு நாள் வைத்த தண்ணீர் தொட்டிக்குப் போதவில்லை. முக்கால்தான் வந்தது. அவன் வரும்போது அரைகுறையாக இருக்கக் கூடாதே என்று மீதியைப் பைப்பிலிருந்து நேராக ஊற்றிவிட்டேன். குளோரின் வாடை அடித்தது. மீனுக்கு ஆகாது என்று தெரிந்தேதான் ஊற்றி, மீன்களை விட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

"அடேங்கப்பா! புதுசு மாதிரி இருக்கே! நீங்களா செஞ்சீங்க?" ஜீவராஜ் தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "அந்தப் பொம்பளை செஞ்ச வேலைக்கு உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் பாருங்கப்பா."

நான் தேநீர் ஊற்றினேன்.

வடிவு கட்டிலில் விழித்துத்தான் இருந்தாள். காது கேட்கும் அவளுக்கு.

மார்ச் 4, திங்கள்

கண்டாக்கு இறந்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

கீழ் டிவிசனில் பிரேமினி குடியிருக்கும் லய வரிசை வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டிய வசனத்தைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிரேமினி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தேநீர் கொண்டுவந்தாள். தாளை எடுக்கக் கை வரவில்லை.

"தொட்டியைக் கீறினது நான்தான்."

"தெரியுங்க."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"பாத்த ஒடனே தெரியுங்க. அத்தனையும் வட்டம் வட்டமா. நான் எதையும் மேலயும் கீழயும்தான் தேய்ப்பேன். நீங்க டீக் கப்பு கழுவுறதத் தெனம் பாத்திருக்கேனே."

"அப்போ தம்பியிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க பக்கத்துல நிக்கிறீங்களே, ஐயா. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தேநீரில் சீனி அதிகம். முழுவதும் குடித்தேன்.

"கண்டாக்கு எப்படி இருக்காரு?"

"செத்துப்போச்சு. நான்தான்... தண்ணியை..."

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "அம்மா பாத்துட்டாங்களா?"

"பார்த்தாள்."

இப்போது லீக்ஸ் மரக்கறி கழுவிக் கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போகிறாளாம். கைகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. திரும்பி வர முடியுமா என்று கேட்டேன்.

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"சரிங்கய்யா" என்று காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 11, திங்கள்

பேசத் துணியவில்லை. ஜீவராஜுக்குக் குறுஞ்செய்தி எழுதினேன். நான்கு முறை அழித்து எழுதி, பத்து மணிக்கு அனுப்பினேன்: கீறியது நான். அவள் இல்லை. அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "பரவால்லப்பா. அதான் இப்ப கிளியரா இருக்கே."

நீ பிரேமினியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வாயா என்று திருப்பிக் கேட்டேன்.

"பாக்கலாம்பா. மீட்டிங்ல இருக்கேன்."

ஒரு மாதம் நான் சுமந்ததற்கு இவ்வளவுதானா?

மார்ச் 14, வியாழன்

ஜீவராஜ் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீர் பதினாறு பாகை. நான்கு மீன்கள். சுவர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் அறையின் காற்றிலேயே நிற்பது போலிருக்கிறது. வெயில் விழுந்தாலும் ஒரு கோடு தெரியாது. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

எட்டு மணிக்கு, பிரேமினி வழக்கமாக வரும் நேரத்தில், வடிவு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளும் கீறலைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்புகிறாள் என்றிருந்தேன். இன்று அவள் தலையணை அருகே குனிந்து, அவள் பார்க்கும் திசையில் பார்த்தேன்.

வாசல் கதவு.

எழுந்து போய்க் கொக்கியை எடுத்துவிட்டு வந்தேன். கதவு சற்றே திறந்தது; பனிக்காற்று உள்ளே வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்பது வரை.