வாய்க்கால் கரையில் நான்கு வெள்ளைக் கட்டங்கள்

அக்டோபர் 20
கெங்குவார்பட்டி. ராக்கம்மாள் அக்காவின் வாழைத்தோட்டத்து வாய்க்கால் கரையில் கிடைத்துவிட்டது. ஆந்தோசெராஸ், ஈரமண்ணில் படரும் கொம்புச் செடி. சந்தேகமே இல்லை. வேர் இல்லை, நீரேற்றும் குழாய் இல்லை. நாணயம் அளவில் பச்சைத் தகடு. லென்ஸில் கருநீலப் புள்ளிகள் — உள்ளே குடியிருந்து நைட்ரஜன் கொடுக்கும் நாஸ்டாக் என்ற நுண்ணுயிர். இனிக் கொம்பு முளைத்து, முனை பிளந்து, கறுப்பு வித்துத்தூள் வரவேண்டும். அது இல்லாமல் ஆய்வேடு இல்லை.

"இதத் திங்கலாமா?" என்றார் அக்கா.
"முடியாது."
"மாடு?"
"திங்காது."
"பெறகு எதுக்குய்யா?"
பதில் சொல்ல நேரமில்லை.

அக்டோபர் 22
வளர்ச்சியை அளக்க, செடி உள்ள நான்கு இடங்களைக் கட்டம் பிரிக்க வேண்டும். கயிறு கட்டினால் அரைநாள் போகும். நான்கு கட்டத்துக்கும் சுண்ணாம்புப் பொடியில் கோடு. பத்து நிமிடம்.

அக்டோபர் 27
மூன்று நாளாக மழை. நல்லது.

அக்டோபர் 30
நான்கும் கருகிவிட்டன. அக்கா முதுகில் மருந்து டேங்க். கத்திவிட்டேன். "களைக்கொல்லி அடிச்சு என் படிப்பையே கெடுத்துட்டீங்கல்ல!"
களையெடுத்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
"ஏலே, இது வாழைக்குச் சத்து மருந்து. டேங்கோட கரைப்பக்கம் நான் போனதே இல்ல. இனிமே இங்கன வராத."

அக்டோபர் 31
மண்ணைச் சோதித்தேன். கட்டத்துக்குள் பிஎச் ஒன்பது. ஓரடி தள்ளி ஆறரை.
சுண்ணாம்பு. நானேதான்.
மெழுகுத் தோல் இல்லாத செடி, மேலே விழுவதையெல்லாம் உடம்பில் வாங்கிக்கொள்ளும் — ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். மடையன்.

நவம்பர் 1
வழிகாட்டி ஹேமாவதி மேடத்திடம் சொன்னேன். "வேற இடம் பாரு" என்றார். பார்க்கலாம். ஆனால் அக்காவிடம் என்ன சொல்வது?

நவம்பர் 3
போனேன். "தப்பு என்மேலதான்க்கா. சுண்ணாம்புதான் கருக்கிருச்சு."
அவர் நிமிரவில்லை. "அன்னைக்கு அத்தன பேரு காதுல விழக் கத்துன. இன்னைக்கு எங்காதுல மட்டும் ஓதுற?"
நியாயம். களையெடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். "படிச்ச புள்ள பயிருக்குச் சுண்ணாம்பு தடவிருச்சாம்டி!" காது சுட்டது.
கிளம்பும்போது அக்கா சொன்னார்: "போன மாசம் கரை மண்ண வெட்டித்தான் வாழைத்தூருக்கு அணைச்சேன். அங்கன பாத்தியா?"
அதுவரை பார்க்கவே இல்லை; உடனே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு தூரில் அதே செடி இருந்தது. சிலவற்றில் ஊசிமுனையாகக் கொம்பு.
கோடு எதுவும் போடவில்லை.

டிசம்பர் 9
கொம்புகள் பிளந்துவிட்டன. லென்ஸை முதலில் அக்காவிடம் கொடுத்தேன்.
"மஞ்சப்பொடியாட்டம்ல இருக்கு!"
மஞ்சளா? வாங்கிப் பார்த்தேன். மஞ்சள்தான். அப்படியானால் இது ஆந்தோசெராஸ் இல்லை; மஞ்சள் தூள் தரும் அதன் உறவுச் செடி, ஃபியோசெராஸ். ஏழு வாரமாக எழுதிவந்த பெயரை அடித்தேன்.
"சரி, இது எதுக்குய்யா?" மறுபடியும் கேட்டார்.
பையை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன்.