சத்தம் போடாத கெர்னல்

ஜூன் 3, புதன்
ஒலிப்புத்தகத்துக்கு மனைவி அனுப்பிய மாதிரிப் பதிவைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். குரல் அருமையாம், பின்னால் ஒரு மாவு மில் ஓடுகிறதாம். மாவு மில் எங்கள் மடிக்கணினியின் விசிறி. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பதிவு அனுப்பாவிட்டால் நாவல் வேறொருத்தி வாய்க்குப் போய்விடும்.

மச்சினன் கணினி விற்பவன். “புதுசு வாங்கிடுங்க அத்தான்” என்றான். எந்த வியாதிக்கும் அவன் எழுதித் தரும் மருந்து அதுதான்.

ஜூன் 4
கண்டுபிடித்துவிட்டேன்! இந்த விசிறியை அடக்கும் நிரல், எங்கள் கணினியை ஓட்டும் லினக்ஸின் புதிய கெர்னலில் இருக்கிறது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு; மற்றவையெல்லாம் அதன் தயவில் வாழும் சொந்தக்காரர்கள். மூலநிரல் இலவசம், நாமே கம்பைல் செய்து, அதாவது கணினிக்குச் செரிக்கும்படி சமைத்து, கொடுக்க வேண்டியதுதான். நான் வெந்நீர்கூட ஒழுங்காக வைத்தவனில்லை.

ஜூன் 5
கம்பைல் செய்யுமுன் ஆயிரக்கணக்கில் கேள்விகள். அமெச்சூர் வானொலி வேண்டுமா? பந்தய விளையாட்டுக்கு ஸ்டியரிங் வேண்டுமா? பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை யாரும் இத்தனை கேட்கவில்லை. நல்லவேளையாக ஒரு குறுக்குவழி: இப்போது கணினியில் சொருகியிருப்பவற்றுக்கானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடலாம். வராத விருந்தாளிக்கு உலை வைப்பானேன்?

மதியம் தொடங்கினேன். திரையில் வரிகள் அருவியாக இறங்கின. ஒன்றும் புரியவில்லை, ஆனந்தம் மட்டும் குறைவில்லாமல் வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதில் எந்த வரி நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். எல்லாமே, என்றேன்.

ஜூன் 6, சனி
விசிறி அடங்கியது!! மடிக்கணினியில் காது வைத்துப் பார்த்தேன். சுவர்க்கடிகாரம்தான் கேட்கிறது. அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். ஆடினேன் என்றுதான் எழுத வேண்டும்.

மாலை
மனைவி மைக்கைக் கொண்டுவந்து சொருகினாள். (என் கை படக்கூடாது என்று அலமாரியில் பூட்டி வைத்திருப்பாள்.) கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை, கடன் கேட்டு வந்தவனைப் பார்த்ததுபோல. ஏன்? என்ன ஆச்சு இதுக்கு?

ஐயோ. நேற்று மைக் அலமாரியில் அல்லவா இருந்தது. சொருகாததையெல்லாம் நீக்கச் சொன்னவன் நான்தானே.

“சத்தத்தை எடுங்கன்னேன். என் குரலையும் சேத்து எடுத்துட்டீங்க.”

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 7, ஞாயிறு
விடிந்ததும் பழைய கெர்னலுக்குத் திரும்பி, மைக்கைச் சொருகினேன். பயத்தில் அச்சுப்பொறி, கேமரா, வீட்டிலுள்ள எல்லா ஹெட்போனும். “மிக்ஸியையும் சொருகிடுங்க அத்தான், பின்னால மனஸ்தாபம் வேண்டாம்” என்றான் மச்சினன். மறுபடி கம்பைல். மறுபடி அருவி. வெட்கமில்லாமல் மறுபடி ஆனந்தம்.

பிற்பகலில் மைக்கின் பச்சை விளக்கு எரிந்தது. விசிறி மூச்சு விடவில்லை. மனைவி வாசிக்க, நான் அருகில் நின்று பெருமைப்பட்டேன். பதிவைப் போட்டுக் கேட்டவள் நெற்றியைச் சுருக்கினாள். யாரோ மூச்சு வாங்குகிறார்களாம். அடுத்த பதிவுக்கு மூச்சை அடக்கிக்கொண்டேன். அதில் என் முழங்கால் கேட்டது.

“ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேன்.”

தெருமுனை வரை போய் நின்றேன். இந்த வீட்டில் இப்போது அதிகம் சத்தம் போடும் இயந்திரம் நான்தான் என்று தோன்றியது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூன் 9
ஞாயிறு இரவே அனுப்பிவிட்டாள். இன்னும் பதில் இல்லை.

ஜூன் 19, வெள்ளி
பூங்கா, பெஞ்சு. நாவல் அவளுக்கே கிடைத்துவிட்டது, எழுநூறு பக்கம். நாளுக்குப் பத்துப் பக்கம் வாசிக்கிறாள். மேகம் கட்டுகிறது, நல்ல குடையாக ஒன்று வாங்க வேண்டும்.