தலைவெட்டிக் கோயில் சாவி

டாக்டர்,

கார்மினேட்டிவ் மிக்சர், அந்த வயிற்று வாயு மருந்தின் வாசனை இத்தனை வருடம் தாங்குமா? நீங்கள் தாங்காது என்றுதான் சொல்வீர்கள். நேற்றுக் காலை அலமாரியைக் குடைந்து அந்தப் பழைய பாட்டிலை எடுத்துத் தக்கையைத் திருகினேன். ஓமமும் இஞ்சியுமாகக் குப்பென்று அடித்தது. உள்ளே சாவி பச்சை பூத்துக் கிடக்கிறது. குலுக்கினால் அன்று கேட்ட அதே சத்தம்தான் வருகிறது.

வெள்ளைக்காரர்கள் தொடங்கிய உங்கள் சகோதர சங்கக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப் போகிறார்களாம். லாட்ஜ் என்று நீங்கள் சொல்வீர்கள். ஊர் அதைத் தலைவெட்டிக் கோயில் என்றது. கூட்ட நாளில் வாசலில் ஒருவர் உருவிய வாளோடு நின்றால் ஊர் வேறென்ன சொல்லும்? பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போகாது. இப்போது அதே சுவரில் தாசில்தார் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வாசலில் பதிக்கப் போகும் கல்வெட்டின் வாசகமும் அதில் இருக்கிறது. அதில் ஒரு வரி: "நிலத் தகராறுக் காலத்தில் கலகக்காரர்களால் பூட்டு உடைக்கப்பட்டு ஆக்கிரமிக்கப்பட்டது." ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரவேண்டுமாம்.

ஆட்சேபித்தது வீரையன் மகள் மலர்க்கொடி. நினைவிருக்கிறதா, மூன்று வயதில் காய்ச்சலில் துவண்டு உங்கள் தோளில் கிடந்த பிள்ளை? இப்போது வார்டு கவுன்சிலர். குரலை உயர்த்தாமலே அதிகாரிகளை எழுந்து நிற்க வைப்பாள். போன வாரம் வீட்டுக்கு வந்தாள்.

"கம்பவுண்டர் ஐயா, கலகக்காரங்கன்னு மொட்டையா போடக்கூடாது. 'வீரையன் பூட்டை உடைத்து, மழையில் நின்ற இருபது குடும்பங்களுக்கு இடம் கொடுத்தார்'னு போடணும். அந்தக் காலத்து ஆளு ஒருத்தர் சாட்சி சொன்னா மாத்துறேன்கிறாரு ஆபீசர். நீங்கதான் மிச்சம். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

படிவத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பூட்டை உடைத்தது யார் என்று அறிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் போய்விட்டீர்கள்.

புது ஆட்சி வந்த புதிது. கதர்த் துண்டைக் கழற்றிக் கரைத்துண்டு போட்டுக்கொண்ட மிராசுதார்கள் நம் ஊரில் மட்டுமே நான்கு பேர். துண்டு மாறியதே தவிர அறுவடைக் கூலி மாறவில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு வீரையன் தலைமையில் கூலியாட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கெங்கோ இருந்து மிராசுதார்கள் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை வைத்து ஒரு நாள் பகலிலேயே வீரையன் ஆட்களின் குடிசைகளைப் பிரித்துப் போட்டார்கள். மனை பட்டா மிராசுதார் பேரில் இருந்தது. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

ஆற்றுக்கரையில் கோணிச் சாக்குக்குக் கீழே காய்ச்சலில் கிடந்த மலர்க்கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். டிஸ்பென்சரிக்கு வந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து லாட்ஜ் சாவியை எடுத்தீர்கள். நீங்கள்தான் அப்போது செயலாளர். மற்ற சகோதரர்கள், அதாவது மிராசுதார்களும் வக்கீல்களும், தகராறுக்குப் பயந்து தஞ்சாவூருக்கும் மெட்ராசுக்கும் போயிருந்தார்கள். வெளியாள் கையில் சாவி தருவதில்லை என்று சத்தியம் செய்தவர் நீங்கள். அந்தச் சாவியை வீரையன் கையில் வைத்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நிமிடம் உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை என்று எழுதத்தான் ஆசை. குறைந்ததா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை, டாக்டர்.

மறுநாள் மதியம் என்னிடம் வந்து சொன்னீர்கள்: "யார் பேரும் வரக்கூடாது, கம்பவுண்டர். பூட்டு உடைஞ்சாப்ல இருக்கட்டும்."

அன்று ராத்திரி, வீரையனைத் தவிர எல்லோரும் தூங்கிய பிறகு, மழை இரைச்சலில் மருந்து இடிக்கும் இரும்புலக்கையை எடுத்துப் போனேன். மூன்றே அடி. திறந்து தொங்கிய பூட்டை உடைத்த முட்டாள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உள்ளே அவர்கள் இருந்தது பதினொரு நாள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் ஆளுக்கு இத்தனை கட்டம் என்று பிரித்துக்கொண்டு குடும்பங்கள் படுத்தன. சுவரில் வரைந்திருந்த ஒற்றைக் கண்ணுக்குப் பெண்கள் குங்குமம் வைத்து விளக்கேற்றினார்கள். மேடையில் இரண்டு கல் இருக்குமே, ஒன்று கரடு முரடாக, ஒன்று வழவழப்பாக. "மனுஷன் முதல்ல இப்படி இருப்பான், அப்புறம் இப்படி ஆகணும்" என்று எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். கரட்டுக் கல்லில் துணி துவைத்தார்கள். வழவழப்பான கல்லில் அரிவாள் தீட்டினார்கள். அந்தக் கல்லில் விழுந்த பள்ளம் இப்போதும் இருக்கிறது. "டேமேஜ்" என்று ஆபீசர் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

பன்னிரண்டாம் நாள் போலீஸ் வந்தது. சகோதரர்களும் வந்தார்கள். உடைந்த பூட்டைத் தூக்கிக் காட்டி யார் என்று கேட்டார்கள். நம் ஏற்பாட்டில் அதற்குப் பதிலே இருந்திருக்கக்கூடாது. யாரோ உடைத்தது, ஆள் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் ஆள் தெரியாமல் அவர்கள் போவதாக இல்லை. கூட்டத்தையே லாரியில் ஏற்றுவோம் என்றார்கள். வீரையன் முன்னால் வந்தார். "நாந்தாங்க உடைச்சேன்."

நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். வீரையன் நம் இருவரையும் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நாம் பேசியிருப்போமா?

அன்று மாலை வீரையன் பெண்சாதி காலி பாட்டிலோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். அந்தக் காலத்தில் மருந்துக்கு அவரவர் பாட்டில்தானே. "கழுவாம குடுக்கச் சொன்னாரு" என்றார். கையில் வாங்கியதும் உள்ளே சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. போலீஸ் கூட்டிப் போவதற்கு முன்னால் அந்த மனிதர் நினைத்தது உங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்பதைத்தான். பாட்டிலை உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் தொடவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றீர்கள்.

ஆறு மாதம் தண்டனை. நீங்கள் லாட்ஜுக்குப் போவதை நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. புதுப் பூட்டு வாங்கிப் போட்டதே நீங்கள்தான். வீரையன் வீட்டார் யார் வந்தாலும் டிஸ்பென்சரியில் வரிசை பார்க்காமல் உள்ளே அழைத்தீர்கள். இதில் எது நீங்கள்? எல்லாமே நீங்கள்தான் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

நேற்று துணிந்துவிட்டேன். பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். சாவி, உலக்கை, எல்லாம். உடைத்தது நான் என்பதையும் சொன்னேன். ஒரு வகையில் உங்கள் பெயரும் கல்வெட்டில் வரட்டும் என்ற நப்பாசையும் இருந்தது. சாவி கொடுத்த டாக்டர் என்று ஒரு வரி.

அவள் பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"எங்கப்பா ஆறு மாசம் உள்ள இருந்தாரே, டாக்டர் ஒருநாளாவது போய்ப் பார்த்தாரா?"

"இல்லம்மா."

"நீங்க?"

"இல்ல."

பாட்டிலைத் திருப்பி என் கையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப பூட்டை எங்கப்பாவே உடைச்சதா இருக்கட்டும் ஐயா. அதுக்கு உண்டான ஆறு மாசத்தை அவருதானே குடுத்திருக்காரு."

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன், டாக்டர். "வீரையன் பூட்டை உடைத்ததை நேரில் கண்டேன்." அன்று உண்மையை மறைக்க நான் செய்த பொய்யை இன்று என் கையாலேயே கல்லில் ஏற்றியிருக்கிறேன். இது அவருக்குச் செய்த நியாயமா, அல்லது நாம் இரண்டாம் முறையும் வாய் மூடிக்கொண்டோமா? உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

தாலுகா ஆபீசில் படிவத்தை வாங்கிய குமாஸ்தா, வேறு ஏதாவது சாட்சியம், பொருள், இருக்கிறதா என்று கேட்டார். சட்டைப் பையில் பாட்டில் இருந்தது. இல்லை என்றேன். படியிறங்கி வீடு வரும் வரைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

உங்கள்
கம்பவுண்டர்