லாரிகள் போன பிறகு

மார்ச் 3

புறவழிச்சாலையை ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். இனி லாரிகள் ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகும். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியைத் தன் ஆளுக்குக் கொடுத்த கல்லூரி முதல்வர், "இனிமே நிம்மதியா தூங்கலாம் சார்," என்றார். என் தூக்கத்தைக் கெடுத்தது லாரி மட்டும்தான் என்று நினைப்பு.

மார்ச் 5

ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. எதிர்வீட்டில் அண்ணன் இருமுவது கேட்கிறது. அப்பா போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது இருமலை மட்டும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 9

இந்தத் தெருவில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். உப்பு கேட்டால்கூடச் சண்டை போலிருக்கும்.

சாப்பிடும்போது பேச்சு அப்பா பக்கம் போனது. அவர் எதிர்வீட்டில் அண்ணனோடுதான் இருந்தார். நெஞ்சுவலி வந்து காரில் ஏற்றிய மாலையில், வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டானாம். லாரி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லையாம். நான் முன்னறையில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பதடிச் சாலை. இயற்பியல் நடத்துகிறவனிடம் சொல்கிற கதையா இது? ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

"கூப்பிட்டானாம். வாய் கூசாத புளுகன்," என்றேன்.

எதிரே ஜன்னல் சாத்தும் சத்தம்.

மனைவி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "லாரி போயிடுச்சு. உங்க தொண்டை இன்னும் போகல."

மார்ச் 10

கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

மார்ச் 14

எதிர்வீட்டு ஜன்னல் திறக்கவே இல்லை. மெதுவாகப் பேசிப் பழகுகிறேன். மனைவி "என்ன? என்ன?" என்கிறாள்.

மார்ச் 22

புறவழிச்சாலையில் ஒரு பாலம் உள்வாங்கிவிட்டதாம். கட்டிய லட்சணம் அப்படி. லாரிகள் மறுபடி எங்கள் தெருவில்.

மாலை பால்கனியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தால், எதிர்மாடியில் அண்ணன். இரண்டு கையையும் வாயருகே குவித்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. பிறகு என் தலைக்கு மேலே விரலைக் காட்டினான்.

மோட்டாரை நிறுத்த மறந்திருக்கிறேன். தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் தண்ணீர்.

நிறுத்திவிட்டு வந்தபோது அவன் உள்ளே போயிருந்தான்.

எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ? நான் நிமிராமல் இருந்திருந்தால்?

நாற்பதடிதான். கேக்கல. ஒண்ணுமே கேக்கல — அவனைப் போய்ப் புளுகன்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி —

மார்ச் 23

மனைவியிடம் சொன்னேன். "அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லுங்க," என்றாள்.

மார்ச் 26

போனேன். அண்ணி தேநீர் கொடுத்தாள். சர்க்கரை தூக்கல். சொல்லவில்லை.

"கேக்கலண்ணா," என்றேன்.

எது என்று அவன் கேட்கவில்லை. சாலையைப் பார்த்தான்.

"லாரிடா," என்றான்.

ஏப்ரல் 19

பாலம் சரியாகிவிட்டது. தெரு மறுபடி அமைதி.

காலையில் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியது தெரிந்தும் நாளிதழை மடக்கவில்லை. தண்ணீர் வீண்தான்.

"டேய், தொட்டி வழியுது."

எதிர்மாடியிலிருந்து, சாதாரணக் குரலில்.

"கேக்குதுண்ணா," என்றேன்.