இருபது நிமிடம் காத்திரு

நிலைய நாள் 211 | காலை 07:10

பதிவர்: கோ. வேதமுத்து, வெப்பப் பொறியாளர், செவ்வாய்க் கோள் தென்முனை நிலையம்.

வெளியே மைனஸ் 64. உள்ளே 19. மின்சாரம் சீர். காற்று சீர். டாக்டர் இசக்கியம்மாள் காலை 06:30-க்கு மின்தூக்கிக் கூண்டில் இறங்கினார். பனிக்கட்டிக்குள் 412 மீட்டர் ஆழத்தில் உள்ள அறையில் பதினெட்டு நாள் தங்கி மாதிரிகள் எடுப்பார். அவரிடம் இருபத்திரண்டு நாளுக்குக் காற்று உண்டு. சுரங்கத்தின் வாய்க்கதவைத் திறப்பதும் மூடுவதும் அது உறையாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. கதவின் விளிம்பைச் சுற்றியுள்ள குழாய் வளையத்தில் அறுபது லிட்டர் எரிசாராயம் ஓடுகிறது. அது ஓடும்வரை கதவில் பனி பிடிக்காது.

நிலையத்தில் வேறு ஆள் இல்லை. அடுத்த கப்பல் ஏழு மாதம் கழித்து.

நிலைய நாள் 211 | மாலை 16:00

இது சொந்தப் பதிவு. இன்றோடு குடியை நிறுத்திவிட்டேன்.

காலையில் கூண்டில் ஏறும்போது இசக்கி சொன்னது: "அண்ணே, மேல நீங்க இருக்கீயல்லா, அதான் தைரியமா எறங்குதேன்." அப்போது என் வாயில் ஏலக்காய் இருந்தது, நாற்றம் தெரியாமலிருக்க. அவள் போனதும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூமியிலிருக்கும் நிலைய மருத்துவர் டாக்டர் பர்வீனுக்குச் செய்தி அனுப்பினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு புட்டி, சாயங்காலம் இரண்டு மடக்கு, அவ்வளவுதான் என்று எழுதினேன். பதில் வந்தது: "வேதமுத்து சார், குடிக்கிறவங்க சொல்ற அளவ நான் எப்பவும் ரெண்டால பெருக்கிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க. மருந்துப் பெட்டியில மஞ்சள் மாத்திரை இருக்கு, நான் சொல்றபடி போடுங்க. முதல் பத்து நாள் காரணமே இல்லாம பயம் வரும். வந்தா உடனே ஓடிப் போய் எதையும் செய்யாதீங்க. பத்துக்கு எவ்வளவு பயம்னு எழுதுங்க. இருபது நிமிஷம் காத்திருந்து மறுபடி எழுதுங்க. பொய் எழுதக் கூச்சமா இருக்கற இடமா பார்த்து எழுதுங்க."

எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட இடம் நிலையப் பதிவேடு ஒன்றுதான். திரையின் மூலையில் "வாசிப்பவர்: 0" என்று எப்போதும் காட்டும். யாராவது என்றைக்காவது இதைக் கண்டெடுத்தால் மன்னிக்கவும்.

நிலைய நாள் 212 | 09:35

பயம் 8. காரணம்: காற்றுப் பம்பு வழக்கத்தைவிட மெதுவாக ஓடுகிறது.
09:55. பயம் 4. பம்பு எப்போதும்போலத்தான் ஓடுகிறது.

14:10. பயம் 9. காரணம்: நெஞ்சு படபடப்பு. நின்றுவிடும் என்று தோன்றுகிறது.
14:30. பயம் 6. நிற்கவில்லை. மூன்றாவது பனியன் மாற்றியாயிற்று.

நிலைய நாள் 213 | 11:20

பயம் 7. காரணம்: தொலைபேசி அடித்தது.

இசக்கிதான். "என்னண்ணே, கொரலு ஒரு மாதிரி இருக்கு? சாப்ட்டீயளா?"

சளி பிடித்திருக்கிறது என்றேன். இந்தக் கோளில் சளி யாரிடமிருந்து பிடிக்கும்? இருப்பதே இரண்டு பேர். அவள், "ஆவி புடிங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கை நடுங்குவதால் ஒரு வாக்கியம் தட்டச்ச மூன்று முறை அழிக்க வேண்டியிருக்கிறது.
11:40. பயம் 5. வெட்கம் எத்தனை என்று டாக்டர் கேட்கவில்லை.

நிலைய நாள் 215 | 13:00

வெளியே மைனஸ் 69. இன்று பசித்தது. ரசம் பொட்டலத்தைச் சுடவைத்து இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். வயிற்றில் நின்றது. பயம் 3. ஐந்து நாள் கடந்துவிட்டது என்று எனக்கே நான் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அந்த டாக்டரம்மா கெட்டிக்காரிதான். பயம் வரும், உட்கார வைத்தால் தானே எழுந்து போய்விடும்.

நிலைய நாள் 216 | 10:05

பயம் 9. காரணம்: கதவு வளையம் உறைகிறது.
10:25. பயம் 9.
10:45. பயம் 9.

டாக்டருக்கு எழுதினேன். பதில்: "கதவு, பூட்டு, அடுப்புன்னு திரும்பத் திரும்பத் தோணறது இந்த நேரத்துல ரொம்ப சகஜம் சார். மீட்டர் சரியாத்தானே காட்டுது? அப்போ போய்ப் போய்ப் பார்க்காதீங்க. பார்க்கப் பார்க்கப் பயம் கொழுக்கும். உட்காருங்க."

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. அறுபது லிட்டர். உட்கார்ந்திருக்கிறேன்.

நிலைய நாள் 217 | 08:50

பயம் 9. நேற்று முழுக்க இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து நான் புட்டி எதுவும் கொண்டுவரவில்லை. நான் குடித்தது வளையத்தில் ஓடும் எரிசாராயம். நான்கு மாதமாக, வடிகுழாயைத் திறந்து, பழச்சாற்றில் கலந்து. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மீட்டர் மட்டத்தைத்தான் பார்க்கும், ருசி பார்க்காது.

இது என் பழைய கைவேலை. இருபத்தாறு வயதில் மச்சான் வீட்டு அலமாரியில் இருந்த வெளிநாட்டுப் புட்டியை ஒரு மாதத்தில் காலி செய்து, தேயிலைத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். மச்சான் அதைத் தன் மேலதிகாரிக்கு ஊற்றிக் கொடுத்தார். அந்த மனிதர் மரியாதைக்கு இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஒருவர் திட்டியிருந்தாலும் திருந்தியிருப்பேனோ என்னவோ.

தண்ணீர் சேர்ந்த சாராயம் சீக்கிரம் கூழாகும். குளிர்காலம் நெருங்குகிறது, நாளுக்கு நாள் பாகை இறங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க வெப்பப் பொறியாளன் வேண்டாம், பத்தாம் வகுப்புப் பையன் போதும்.

டாக்டரிடம் பயத்தைச் சொன்னேன், தண்ணீரைச் சொல்லவில்லை. உட்காருங்கள் என்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையான ஆபத்தை நடுக்கத்தோடும் வியர்வையோடும் ஒரே பட்டியலில் எழுதி, இருபது இருபது நிமிடமாக ஒரு முழு நாளைக் கடத்தினேன்.

நிலைய நாள் 218 | 15:15

வெளியே மைனஸ் 76. கதவைச் சோதித்தேன். முழுக்கத் திறந்தால் தொண்ணூறு சென்டிமீட்டர். இன்று எழுபத்தெட்டில் நின்றது. கூண்டு வெளியே வர எழுபத்தைந்து வேண்டும். வளையத்துக் குழாயைக் கையால் தட்டினேன். பாதி இடத்தில் கெட்டிச் சத்தம்.

இசக்கி கூப்பிட்டாள். "அண்ணே, மேல ஏதோ கரகரன்னு கேட்டுச்சே? கதவாண்ணே?"

காற்று என்றேன்.

சொல்ல வாயெடுத்தேன். அவள், "சரிண்ணே, நீங்க சொன்னா சரி" என்றாள். அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

நிலைய நாள் 219 | 10:15

நன்றாகத் தூங்கினேன். பயம் 2. விசேஷம் இல்லை.

நிலைய நாள் 220 | 08:20

வெளியே மைனஸ் 81. கதவு நாற்பதில் நின்றுவிட்டது. கையடக்க ஹீட்டரை இரண்டு மணி நேரம் பிடித்தேன். இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தது. நாளைக்கு நாற்பதும் இருக்காது.

தொலைபேசியில் இசக்கியிடம் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், இல்லாவிட்டால் வழியில் பொய் புகுந்துவிடும். கம்பியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நான் அழ ஆரம்பித்ததும்தான் பேசினாள்.

"அழுவாதீயண்ணே. பொறவு அழலாம். எத்தன லிட்டரு?"

எட்டு இருக்கும் என்றேன்.

"அண்ணே. நான் கீழ கெடக்கேன்."

பத்தொன்பது என்றேன்.

"ஒளிச்சு வச்சிருக்கது எவ்வளவு?"

எதுவும் இல்லை என்றேன்.

"எங்கப்பாவும் குடிச்சவருதான். அரிசிப் பானைக்குள்ள ஒன்னு, மோட்டார் ரூமுல ஒன்னு. ஒளிச்சு வைக்காத ஆள நான் பாத்ததில்ல. சொல்லுங்க."

பேட்டரி அலமாரியின் பின்னால் ஒரு கேன். குடியை நிறுத்திய அன்று அங்கே ஒளித்து வைத்தது. நான்கு மாதம் முன்பு, தண்ணீர் கலக்கும் முன்பே பிடித்த சுத்தச் சரக்கு, ஐந்து லிட்டர். ஓர் அவசரத்துக்கு என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். கேன் கசிந்து இப்போது நாலரைதான் இருக்கிறது என்றேன்.

வளையத்தில் இருப்பதைக் காய்ச்சி வடித்துத் தண்ணீரைப் பிரித்தால் என்ன என்று நான் கேட்டேன். நான்கு நாளாகும், அதற்குள் கதவு ஒட்டிக்கொள்ளும் என்று அவளே பதில் சொன்னாள். "காய்ச்சுற வேல ஒங்களுக்கு வேண்டாம்ணே" என்றும் சொன்னாள். கீல் பக்கத்துக் குழாயை மட்டும் தனியாக அடைத்துச் சுத்தச் சாராயத்தால் நிரப்பினால் கதவு நகரும் என்றாள். அந்தக் குழாய் ஐந்து லிட்டர் பிடிக்கும்.

"இருக்கத ஊத்துங்க. நான் லைன்லயே இருக்கேன். என்ன செய்யுதீயன்னு சத்தமா சொல்லிக்கிட்டே ஊத்துங்க. பேச்ச நிறுத்தக் கூடாது."

நிலைய நாள் 220 | 11:30

ஊற்றிவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் அந்த வாசம் மூக்கில் ஏறி நாக்கு ஊறியது. கீழே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே எனக்கு நாக்கு ஊறுகிறது. இதையும் அவளிடம் சத்தமாகச் சொன்னேன். "சரி, ஊறட்டும். அடுத்து என்ன செய்யுதீய?" என்றாள். புனலை வைக்கிறேன் என்றேன். கேனைச் சாய்க்கிறேன் என்றேன். பாதி கேன் போய்விட்டது என்றேன். கை நடுங்கிக் கொஞ்சம் தரையில் சிந்தியது, அதையும் சொன்னேன். கேன் காலி என்றேன்.

டாக்டரின் கணக்கில் பயம் எவ்வளவு என்று பார்க்கவில்லை.

நிலைய நாள் 220 | 13:50

கதவு ஐம்பத்து நான்கில் நின்றுவிட்டது. கீல் குழாயின் கடைசி வளைவில் இன்னும் கூழ். கூண்டு வெளியே வராது.

இசக்கி கூண்டை விட்டு இறங்கி, முதுகுக் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் நுழைந்து வரப்போகிறாள். பெட்டி இல்லாமல் உடைக்குள் இருக்கும் காற்று ஆறு நிமிடம் வரும். கையுறைக்குச் சூடு தருவதும் அந்தப் பெட்டிதான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவளை இழுக்க வேண்டியவன் நான். உடை மாட்டிவிட்டேன். கை நடுங்குகிறது. அவள் இந்தக் கையைத்தான் பிடித்தாக வேண்டும்.

நிலைய நாள் 221 | 09:05

இசக்கி உயிரோடு இருக்கிறாள்.

அவளுடைய இடுப்பு கதவில் மாட்டிக்கொண்டது. விளிம்பை இடக்கையால் பிடித்து உந்தித்தான் வந்தாள். நான்கு நிமிடம் அந்தக் கை சூடில்லாத கையுறையோடு அங்கேயே இருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் நுனியில் கறுத்துவிட்டன.

டாக்டர் பர்வீனின் செய்தி: "ஒரு வாரம் கட்டுப் போட்டுப் பார்ப்போம். கறுப்பு மேல ஏறினா நுனிய எடுத்துடணும். நான் சொல்லச் சொல்ல அங்க இருக்கறவர்தான் செய்யணும். ஆனா அவர் கை நடுக்கம் நிக்கணும். கடைசியா குடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு சரியா சொன்னாத்தான் நான் நாள் குறிக்க முடியும்."

இசக்கி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கண்ணே. எத்தன நாளாச்சு?"

பத்து நாள் என்றேன்.

வலக்கையால் தேநீரை எடுத்துக்கொண்டு எதிர் மேசையில் உட்கார்ந்தாள். "பதிவேட்ட ஒருக்கா படிச்சுக்கிடுதேன்" என்றாள். இப்போது அவள் திரையில் அதுதான் ஓடுகிறது. என் திரையின் மூலையில்: "வாசிப்பவர்: 1. பக்கம் 2."

நிலைய நாள் 221 | 09:14

பயம் 10.

பக்கம் 4. சளி என்று சொன்ன இடத்தைப் படித்திருப்பாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கண்டெடுக்கிறவர் யாரோ, எப்போதோ என்று நினைத்து எழுதினேன். கண்டெடுத்தவள் ஆறடி தூரத்தில் தேநீர் குடிக்கிறாள். பழைய பதிவை அழிக்க இந்தக் கருவி விடாது. கீழே சேர்க்கத்தான் விடும்.

பக்கம் 6. மச்சான் வீட்டுக் கதை.

நிலைய நாள் 221 | 09:21

திருத்தம். நாள் 219 பதிவு பொய். நான் தூங்கவில்லை. முந்தின நாள் நீ "நீங்க சொன்னா சரி" என்று வைத்த பிறகு, விடியும்வரை அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலையில் கேனைத் திறந்தேன். அரை லிட்டர். பயம் 2 என்று எழுதியது அதனால்தான்.

கேன் கசியவில்லை. அந்த அரை லிட்டர்தான் கடைசி வளைவுக்குப் போக வேண்டியது. அது போயிருந்தால் கதவு முழுக்கத் திறந்திருக்கும், நீ கூண்டோடு வந்திருப்பாய்.

பத்து நாள் இல்லை, இசக்கி. இரண்டு. டாக்டரிடம் இரண்டு என்று சொல்.

இதை வாயால் சொல்ல இப்போதும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆறடிதான் தூரம்.

09:24. பக்கம் 8. பயம் 10.

09:26. பக்கம் 8-லேயே நிற்கிறாள். நாள் 219 அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்றரை வரிப் பதிவு, இவ்வளவு நேரம் ஆகாது. கட்டுப் போட்ட கையை மேசைமேல் தூக்கி வைத்திருக்கிறாள்.

09:27. பக்கம் 11. நடுவில் இரண்டு பக்கத்தைத் தாண்டி நேரே கடைசிக்கு வந்துவிட்டாள். இந்த எழுத்துகள் விழ விழ அவள் படிக்கிறாள்.

இசக்கி, நான்